பெல்லெட் அடுப்பு: புகை வருது, தீ பத்துது இல்லை

மாமரத்தடி (ஒன்ராறியோ)

வணக்கம். ஒரிலியாப் பக்கம் வாங்கின வீட்டோட வந்த பெல்லெட் (மரத்தூளை அமத்திச் செய்த சின்னக் குச்சி) அடுப்பு. மேலயிருந்து பெல்லெட் விழுற வகை, 120 வோல்ட். பேஸ்மென்ற்றில கிடக்கு. புகைக்குழாய் 3 அங்குலம். அடுப்புக்குப் பின்னால ஒரு T (மூண்டு வாய் இணைப்பு), அதிலயிருந்து 4 அடி மேல, பிறகு ஒரு 90 பாகை முழங்கை, கடைசியா 2 அடி சுவரால வெளிய.

பிரச்சினை பத்த வைக்கேக்கதான். ஸ்டார்ட் அமத்தினவுடன புகை இழுக்கிற ஃபேன் ஓடுது. ஒரு நிமிஷத்தில பெல்லெட் விழத் தொடங்குது. 6, 7 நிமிஷத்தில பெல்லெட் எரியிற சட்டிக்குள்ள இருந்து வெள்ளைப் புகை. அதோட சரி. 15 நிமிஷத்தில சட்டி விளிம்பு வரைக்கும் பெல்லெட், தீ இல்லை. 20 நிமிஷத்தில அடுப்பு தானா நிக்குது. உடன திரும்ப ஸ்டார்ட் அமத்தினால் மூண்டுக்கு ஒருக்கா "டப்" எண்டு ஒரு சத்தத்தோட பத்துது. பத்தினாப் பிறகு ஒழுங்கா எரியுது, ஆனால் சுவாலை நீளமா, செம்மஞ்சளா, சோம்பலா ஆடுது. ஒரு நாளில கண்ணாடி கரி பிடிச்சிடுது.

பெல்லெட் 40 இறாத்தல் பை, கராஜில மரத்தட்டுக்கு மேல வச்சிருக்கிறன். எல்லாரும் இக்னைட்டர் (தீ மூட்டுற மின்சூட்டுக் கம்பி) மாத்தச் சொல்லுகினம். வாங்கிறதுக்கு முதல் வேற என்ன பாக்கவேணும்?

சுள்ளிக்கட்டு

இக்னைட்டர்தான் அண்ணை. 3, 4 சீசனுக்கு மேல வராது. மாத்திப்போட்டு நிம்மதியா இருங்கோ. ஃபேன் இழுவையில சந்தேகமெண்டால் வாக்யூம் சுவிட்சின்ர ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

அனல்காற்று

சுள்ளிக்கட்டு சொன்ன ரெண்டாவது யோசனையை யாரும் செய்யாதீங்க. புகைக்குழாய் அடைச்சாலோ கதவு திறந்திருந்தாலோ பெல்லெட் விழறதை நிறுத்தறது அந்த சுவிட்ச்தான். அதை நிரந்தரமா ஷார்ட் பண்ணி வெச்சா, குழாய் அடைச்ச அன்னைக்குக் கார்பன் மொனாக்சைடு வீட்டுக்குள்ளதான் வரும். சோதனைக்கு ஒரு நிமிஷம் இணைச்சுப் பார்த்து எடுக்கறது வேற விஷயம். இந்தக் கேஸில் அந்தச் சோதனையே தேவையில்லை. பெரும்பாலான அடுப்புல அந்த சுவிட்ச் மூடினாதான் ஓகர் (பெல்லெட்டைத் தள்ளற திருகு) சுத்தும். உங்க அடுப்புல பெல்லெட் விழுது. அப்ப சுவிட்ச் மூடியிருக்கு.

அடுத்தது அந்த "டப்". முதல்ல நிறுத்த வேண்டியது அதைத்தான். சட்டி நிறைய பெல்லெட் தீயில்லாம புகைஞ்சா, அந்த வெள்ளைப் புகை முழுக்க எரியக்கூடிய வாயு. தீ அறை அதால நிறைஞ்சு நிக்கும்போது ஒரு பொறி பட்டா மொத்தமும் ஒரே நேரத்தில் பத்தும். இன்னைக்கு "டப்", இன்னொரு நாள் கண்ணாடி உடையும், குழாய் மூட்டு கழலும். அதனால முதல் தடவை பத்தலைன்னா மறுபடி ஸ்டார்ட் அமுத்தக்கூடாது. புகை இருக்கும்போது கதவைத் திறக்கக்கூடாது, பிளக்கையும் பிடுங்கக்கூடாது, ஏன்னா புகையை வெளியேத்தறது அந்த ஃபேன்தான். அது தானா நின்னு, எல்லாம் ஆறினப்புறம் சட்டியைக் காலி பண்ணுங்க. அள்ளினதை மூடி போட்ட இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைங்க. அந்த பெல்லெட்டைத் திரும்ப மேல் தொட்டியில் போடாதீங்க, உள்ளே கனல் ஒளிஞ்சிருக்கும்.

இப்ப உங்க கேள்வி. நீங்க எழுதினதுலயே பாதிப் பதில் இருக்கு.

புகை வருது. அப்படின்னா சூடு இருக்கு. இக்னைட்டர் செத்திருந்தா 20 நிமிஷம் ஆனாலும் பெல்லெட் குளிர்ந்து சும்மா கிடக்கும், புகையே வராது. எரியும்போது சுவாலை சோம்பல், கண்ணாடி கரி. இது ரெண்டுக்கும் இக்னைட்டருக்கும் சம்பந்தமே கிடையாது, அது அந்த நேரத்தில் அணைஞ்சிருக்கும். மூணையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தா, சட்டிக்கு அடியிலிருந்து வர வேண்டிய காற்று வரலை.

இந்த வகை அடுப்புல இக்னைட்டர் பெல்லெட்டைத் தொட்டுக் கொளுத்தறதில்லை. ஒரு சின்னக் குழாய்க்குள்ள உட்கார்ந்திருக்கும், அதைச் சுத்தி ஓடற காற்று சூடாகி, சட்டியில் உள்ள ஒரு துளை வழியா பெல்லெட் மேல அடிக்கும். ஃபேன் இழுக்கற காற்று அந்தத் துளை வழியா வராம வேற சந்து வழியா உள்ளே போனா, இக்னைட்டர் சிவந்து நின்னாலும் சூடு பெல்லெட்டுக்குப் போய்ச் சேராது. வெறும் புகைதான்.

பணம் செலவு பண்ணாம ஒரு சோதனை. சட்டியைச் சுத்தம் பண்ணி, ஒரு கைப்பிடி பெல்லெட் போட்டு, பெல்லெட் அடுப்புக்குன்னே விக்கற ஜெல்லை ரெண்டு ஸ்பூன் ஊத்திக் கலந்து, தீக்குச்சியால பத்த வெச்சு, தீ பிடிச்சதும் கதவை மூடி ஸ்டார்ட் கொடுங்க. மண்ணெண்ணெய், பெட்ரோல், பார்பெக்யூ திரவம் எதுவும் கூடாது. ஆரம்பிச்சப்புறம் மறுபடி ஜெல் ஊத்தவும் கூடாது. இப்படிக் கையால பத்த வெச்ச தீ குட்டையா, மஞ்சள் வெள்ளையா, சுறுசுறுப்பா எரிஞ்சா இக்னைட்டர் பக்கம் போங்க. அப்பவும் சோம்பலா ஆடினா காற்றுதான், இக்னைட்டருக்குக் காசு போடாதீங்க.

புகைக்குழாய் அளவு சரியான்னு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பாகமும் இழுவையை எவ்வளவு தடுக்குதுன்னு குழாய் நீளமா மாத்திக் கூட்டற கணக்கு இது. T 5 அடி, முழங்கை 5 அடி, நேர்குத்து 4 அடிக்கு பாதி, அதாவது 2, கிடைமட்டம் 2. மொத்தம் 14. இந்தக் கணக்கில் 15 தாண்டினா 4 அங்குலக் குழாய் வேணும். நீங்க விளிம்புல இருக்கீங்க, ஆனா உள்ளேதான். குழாய் சுத்தமா இருந்தா போதும், ஆனா சாம்பல் படிஞ்சா மத்தவங்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் தெரியும்.

ஆல்ப்ஸ்பனி (சுவிஸ்)

அனல்காற்று சொன்னதோட ஒத்துப்போறன். எண்டாலும் இக்னைட்டரை அளந்து பாக்க 5 நிமிஷம்தான். அளந்துபோட்டு அந்தச் சந்தேகத்தை மூடிவிடுங்கோ.

பிளக்கைக் கழட்டி, இக்னைட்டரின்ர ரெண்டு வயரையும் கழட்டி, மல்ட்டிமீட்டரில ஓம் பாருங்கோ. (நாங்கள் தலையாட்டிச் சொல்லுற ஓம் இல்லை.) வோல்டேஜின்ர வர்க்கத்தை வாட்டால பிரிச்சால் வரவேண்டிய எண். 120 வோல்ட், 300 வாட் எண்டால் 48 ஓம். 250 வாட் எண்டால் 58க்குக் கிட்ட, 400 வாட் எண்டால் 36. இங்க ஐரோப்பாவில 230 வோல்ட், 300 வாட்டுக்கு 176 வரும், அதனால இணையத்தில ஆரோ எழுதின எண்ணை அப்பிடியே எடுக்காதேங்கோ. மீட்டர் ஒண்டும் காட்டாட்டில் உள்ள கம்பி அறுந்திட்டுது. ஒரு வயருக்கும் அடுப்பின்ர இரும்புக்கும் இடையில எந்த எண்ணும் காட்டக்கூடாது. காட்டினால் கசிவு, ஃபியூஸ் போறதுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

எண் சரியா இருந்தும் சூடாகாட்டில் கரண்ட் வருதோ எண்டு பாக்கவேணும். அது உயிருள்ள வயர், பழக்கமில்லாட்டில் கை வைக்காதேங்கோ. உங்களுக்குப் புகை வாறபடியா அது தேவைப்படாது எண்டு நினைக்கிறன்.

பெல்லெட்டையும் பாருங்கோ. ஒண்டை எடுத்து விரலால முறியுங்கோ. "டக்" எண்டு முறிஞ்சு மினுங்கினால் நல்லது. பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் ஈரம் பிடிச்சது. அமெரிக்காவின்ர பிஎஃப்ஐ பிரீமியம் தரத்தில ஈரம் 8 சதவீதத்துக்குள்ள, சாம்பல் 1 சதவீதத்துக்குள்ள இருக்கவேணும். எங்கட என்பிளஸ் ஏ1 தரத்தில ஈரம் 10, சாம்பல் 0.7. பையில எழுதியிருக்கிறது ஆலையை விட்டு வெளிக்கிடேக்க இருந்த நிலைதான், கராஜ் ஈரத்துக்கு அது பொறுப்பில்லை. மேல் தொட்டியில கோடை முழுக்கக் கிடந்த பெல்லெட் எண்டால் யோசிக்காமல் வெளிய எடுங்கோ. அடியில சேர்ந்த தூள் ஈரம் குடிச்சு ஓகர் குழாய்க்குள்ள சீமெந்து மாதிரி இறுகும். தொட்டியை அடிமட்டும் காலியாக்கினால் அடுத்த முதல் ஸ்டார்ட்டில ஓகர் நிரம்பவே சில நிமிஷம் போகும். அந்த ஒரு தடவை பத்தாமல் நிண்டால் பயப்பிடாதேங்கோ, சட்டியைக் காலியாக்கிப்போட்டுத் திரும்ப ஸ்டார்ட் குடுக்கலாம்.

அனல்காற்று

அக்கா சொன்னது சரி. சுத்தம் பண்ற வரிசையை எழுதறேன். அடுப்பு முழுசா ஆறியிருக்கணும், பிளக் கழட்டியிருக்கணும். வீட்டு வாக்யூம் கிளீனரை உபயோகிக்காதீங்க, ஒரு கனல் போதும் பை பத்திக்க. சாம்பலுக்குன்னு இருக்கற இரும்பு உடம்பு வாக்யூம் வேணும்.

சட்டியை வெளியே எடுங்க. கிளிங்கர்ன்னு சொல்ற கட்டிச் சாம்பலை உளியால சுரண்டுங்க. ஒவ்வொரு துளையிலயும் அதே அளவு டிரில் பிட்டைக் கையால விட்டுத் திருப்புங்க. மெஷினில் மாட்டிப் பெரிசாக்காதீங்க, துளை அளவு மாறினா காற்றுக் கணக்கே மாறிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பார்த்தா எல்லாத் துளையும் தெரியணும். இக்னைட்டர் துளை மத்ததைவிடப் பெருசு, அதுக்குப் பின்னாடி இருக்கற குழாயையும் ஊதிச் சுத்தம் பண்ணுங்க. இக்னைட்டரைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ இறுக்கமா இருக்கான்னு பாருங்க. அது தளர்ந்து இக்னைட்டர் பின்னாடி நகர்ந்தாலும் இதே மாதிரிப் புகைதான் வரும்.

சட்டி உட்கார்ற இடம். நிறைய பேர் கவனிக்காம விடறது இதைத்தான். விளிம்புக்கு அடியில் கொஞ்சம் சாம்பல் மாட்டினாக்கூட சட்டி ஒரு பக்கம் தூக்கி நிக்கும், காற்று துளை வழியா வராம அந்த இடுக்கு வழியா போயிடும். துடைச்சுட்டு சட்டியை வெச்சு விரலால அமுக்குங்க. ஆடக்கூடாது. சட்டிக்குக் கீழே இருக்கற குழியையும் உறிஞ்சுங்க, துளை வழியா விழற சாம்பல் அங்கேதான் சேரும்.

அடுத்து தீ அறையின் பின் சுவர்த் தகடு. அதைக் கழட்டினா ரெண்டு பக்கமும் சாம்பல் அறை இருக்கும். மேனுவல் பார்க்காத வீட்டுல வருஷக்கணக்கா திறக்காம கிடக்கும். ரப்பர் சுத்தியலால பக்கச் சுவரைத் தட்டினா உள்ளே ஒட்டியிருக்கறது விழும். அப்புறம் புகை ஃபேன். கழட்டினா பின்னாடி இருக்கற கேஸ்கட் (காற்று கசியாம அடைக்கற பட்டை) பெரும்பாலும் கிழியும், புதுசு கையில் வெச்சுக்கிட்டுக் கழட்டுங்க. இறக்கைகளில் படிஞ்சதை பிரஷ்ஷால எடுங்க, வளைச்சுடாதீங்க. கடைசியா T மூடி, வெளிச்சுவரில் குழாய் முனை வலை, வெளிக்காற்றுக் குழாய் வலை. அந்த வலையில் குளவிக்கூடு, இலை, குளிர்காலத்தில் பனி எதுவும் இருக்கலாம்.

வாக்யூம் சுவிட்சுக்குப் போற ரப்பர் குழாயைச் சுவிட்ச் பக்கத்தில் கழட்டிட்டு, அடுப்புப் பக்கமா ஊதுங்க. சுவிட்ச்சுக்குள்ள ஊதினா உள்ளே இருக்கற மெல்லிய ஜவ்வு கிழியும். லீஃப் புளோவரை உறிஞ்சற பக்கமா வெளிக்குழாயில் மாட்டி இழுக்கறவங்களும் முதல்ல இந்தக் குழாயைக் கழட்டணும்.

இத்தனையும் செஞ்சப்புறம் கதவு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வெச்சு மூடி இழுங்க. 10 செ.மீ.க்கு ஒரு தடவை நாலு பக்கமும். இறுக்கமா வரணும். சாம்பல் தட்டுக் கதவுக்கும் இதே சோதனை. அமெரிக்காக்காரங்க டாலர் நோட்டை வெச்சுச் செய்வாங்க. கனடா நோட்டு பாலிமர், எந்தக் கதவுலயும் வழுக்கிக்கிட்டு வரும், அதை நம்பிக் கதவுக் கேஸ்கட் கயிறு வாங்காதீங்க. சாதாரணத் தாள் போதும்.

தூசிதட்டி

வாக்யூம் நல்லா இருக்கா எண்டு மனோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கிற கருவி) வச்சுப் பாத்தால் சுத்தம் செய்யிறதுக்கு முதலே தெரியாதோ?

அனல்காற்று

தெரியும், ஆனா எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த ரப்பர் குழாயில் ஒரு T போட்டு டிஜிட்டல் மனோமீட்டர் மாட்டலாம். குழாய் தீ அறையிலிருந்து வந்திருந்தா இப்படிப் படிக்கணும்: கதவு கேஸ்கட் கசிஞ்சா வாக்யூம் குறையும். புகைப்பாதை அடைச்சாலும் குறையும். ஆனா சட்டித் துளையோ வெளிக்காற்றுக் குழாயோ அடைச்சா வாக்யூம் கூடும், ஏன்னா ஃபேன் இழுக்குது, உள்ளே வர வழியில்லை. "எண் நல்லா அதிகமா இருக்கு"ன்னு சந்தோஷப்படறவங்க அடுப்புல காற்றே இருக்காது. துளையும் அடைச்சு கதவும் கசிஞ்சா ரெண்டும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டி, எண் மேனுவலில் இருக்கற மாதிரியே நிக்கும்.

கசிவை உறுதி பண்ண ஒரு வழி: குளிர்ந்த அடுப்புல, சட்டி காலி, ஃபேன் மட்டும் ஓடும்போது கதவு இடுக்கைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. எண் ஏறினா கதவு கசியுது. பார்த்ததும் டேப்பைப் பிச்சுடுங்க.

மாமரத்தடி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளாப் பாத்ததை எழுதுறன்.

ஜெல் போட்டுப் பத்த வச்சும் அதே சோம்பல் சுவாலைதான். இக்னைட்டர் 47.6 ஓம், இரும்புக்கு ஒண்டும் இல்லை. ஆக அது நல்லாத்தான் இருக்கு.

சட்டியின்ர அடித்துளையில மூண்டில ஒரு பங்கு முழுசா அடைப்பு. இக்னைட்டர் துளை பாதி. சட்டி விளிம்புக்குக் கீழ இடப்பக்கம் சாம்பல் இறுகி, சட்டி ஆடிக்கொண்டு இருந்தது. பின் தகட்டைக் கழட்டினால் ரெண்டு பக்க அறையும் மேல் வரைக்கும் சாம்பல். ஒருநாளும் திறந்திருக்கமாட்டினம் போல. வெளி வலைகள் ரெண்டும் சுத்தம். புகை ஃபேன் இன்னும் கழட்டேல்லை, கேஸ்கட்டுக்குச் சொல்லியிருக்கிறன்.

சுத்தம் செய்துபோட்டு ஸ்டார்ட் குடுத்தன். 9 நிமிஷத்தில பத்திச்சுது, "டப்" இல்லை. சுவாலை முந்தியிலும் பாக்க நல்லம், ஆனால் கண்ணாடியின்ர கீழ் மூலை, பிணைச்சல் பக்கம் மட்டும் இன்னும் கறுக்குது. தாள் சோதனையில அந்த மூலையில 15 செ.மீ. நீளத்துக்குத் தாள் சும்மா வருது. மற்ற இடமெல்லாம் இறுக்கம். கயிறு என்ன அளவு வாங்கிறது? அந்த இடத்தை மட்டும் ஒட்டலாமோ?

அனல்காற்று

துண்டு வெச்சு ஒட்டாதீங்க. ரெண்டு மூட்டு வரும், ரெண்டும் கசியும். முழுக் கயிறும் மாத்துங்க.

பழைய கயிறை அளந்து வாங்கக்கூடாது, அது நசுங்கிச் சப்பையா இருக்கும். மேனுவலில் உள்ள அளவுதான். தடிமன் அதிகமானா கதவு பூட்டாது, பூட்டினாலும் பிணைச்சல் பக்கம் தூக்கும். பழைய பசையை உளி, கம்பி பிரஷ் போட்டு உலோகம் தெரியற வரைக்கும் எடுங்க. ஃபைபர் கிளாஸ் தூசி வரும், முகமூடி, கையுறை அவசியம். பள்ளத்தை அசிட்டோனால துடைச்சு, அடுப்புக்குன்னு விக்கற கேஸ்கட் பசையை மெல்லிசா ஒரு கோடு விடுங்க. கயிறை இழுத்து நீட்டாம, தளர்வா அமுக்கிக்கிட்டே போங்க. இழுத்து ஒட்டினா மெலிஞ்சு அந்த இடத்தில் மறுபடி கசியும். வெட்டற இடத்தில் முதல்ல டேப் சுத்தி, டேப் மேலேயே வெட்டினா நூல் பிரியாது. மூட்டு கீழ் விளிம்பின் நடுவில் வரட்டும், மூலையில் வேண்டாம். கதவை மெதுவா மூடி, பசை டப்பாவில் எழுதின நேரம் வரைக்கும் விடுங்க.

இன்னொண்ணு. கயிறு மாத்தறதுக்கு முன்னாடி கதவுத் தாழ்ப்பாளின் திருகைப் பாருங்க. சில அடுப்புல அதைச் சரிபண்ணலாம். உங்களுக்கு ஒரு மூலை மட்டும், அதுவும் பிணைச்சல் பக்கம் கசியறதால பிணைச்சல் தேய்ஞ்சு கதவு தொங்குதான்னும் தூக்கிப் பாருங்க. அது ஆடினா புதுக் கயிறும் உதவாது.

ஆல்ப்ஸ்பனி

பழைய ஆக்கள் கண்ணாடி கறுக்குது எண்டு பெல்லெட் அளவையோ காற்றுத் தகட்டையோ (உள்ள வாற காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகடு) தங்கட எண்ணத்துக்கு மாத்தி வச்சிருப்பினம். கேஸ்கட் போட்டாப் பிறகு அதுகளைத் திரும்ப மேனுவலில சொன்ன இடத்துக்குக் கொண்டுவாங்கோ. இல்லாட்டில் கசிவுக்கு ஏத்தமாதிரி வச்ச கணக்கு கசிவில்லாத அடுப்பில ஓடும்.

அதோட, அடுப்பு இருக்கிற தளத்திலயும் படுக்கிற தளத்திலயும் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கோ எண்டு பாருங்கோ தம்பி. வீட்டோட வந்த அடுப்பு எண்டு சொல்லுறியள், கனடாவில வீட்டுக் காப்புறுதிக்காரர் வெட் (WETT, விறகு, பெல்லெட் அடுப்புகளுக்கான) பரிசோதனைச் சான்றிதழ் கேக்கிறவை. எப்பிடியும் ஒராள் வந்து பாக்கத்தான் வேணும், அப்ப புகைக்குழாய் மூட்டுகளையும் பாக்கச் சொல்லுங்கோ.

மாமரத்தடி

பிணைச்சல் இறுக்கம், தொங்கேல்லை. கயிறு மாத்தியாச்சு. புகை ஃபேனும் கழட்டித் துடைச்சுப் புதுக் கேஸ்கட் போட்டாச்சு. தாள் இப்ப எங்கயும் வழுக்குது இல்லை.

குளிர்ந்த அடுப்பில 4 நிமிஷம் 40 செக்கனில தீ. மூண்டு நாளா அப்பிடித்தான். ஆல்ப்ஸ்பனி அக்கா சொன்னது சரி, காற்றுத் தகடு முழுசா வெளிய இழுத்துக் கிடந்தது. கேஸ்கட் போட்ட முதல் நாள் சுவாலை ஊதுகுழல் மாதிரிச் சீறி, எரியாத பெல்லெட்டும் கனலும் சட்டிக்கு வெளிய தெறிச்சுது. தகட்டை மேனுவலில சொன்ன இடத்துக்குக் கொண்டுவந்தாப் பிறகு அதுவும் நிண்டிட்டுது. கண்ணாடியில இப்ப மெல்லிய சாம்பல் நிறத் தூசி மட்டும், துணியால துடைக்கப் போகுது.

அனல்காற்று

அந்த வெளிர் சாம்பல் நிறம்தான் சரி. கறுப்பு மறுபடி வந்தா முதல்ல சட்டி ஆடுதான்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். சட்டியை நீங்க எரிக்கற நாள்ல தினமும், பின் அறைகளை 50 பைக்கு ஒரு தடவை.

சுள்ளிக்கட்டு

வயர் முறுக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிறன்.